வெள்ளி உப்பும் விரதமும்

பிலிமில் எடுத்தால்தான் படம், மற்றதெல்லாம் வெறும் பதிவு என்று ஒரு புதிய ஆசாரம் நம்மிடையே கிளம்பியிருக்கிறது. இந்த ஆசாரக்காரர்கள் பெரும்பாலும் பட்டணத்து இளைஞர்கள். தெருமுனைக் கடையில் பிலிம் விற்ற காலத்தில் தொட்டிலில் கிடந்தவர்கள். அவர்களுடைய சித்தாந்தம் இது: டிஜிட்டல் காமிரா மனிதனை ஊதாரியாக்குகிறது, 36 படத்தோடு முடிந்துவிடும் பிலிம் சுருளோ நிதானத்தைக் கற்பிக்கிறது.

நான் இருபது வருஷமாக டிஜிட்டலில் படம் எடுக்கிறவன். ஒரு வாதத்தை மறுக்குமுன் அதைப் பரீட்சித்துப் பார்ப்பதுதானே நியாயம்? பழைய காமிரா ஒன்றை இரவல் வாங்கி, கறுப்பு வெள்ளைச் சுருளைப் போட்டுக்கொண்டு பெரம்பலூர் ஜில்லாவில் பூலாம்பாடிக்குப் போனேன். பச்சைமலைப் பக்கத்து ஊர். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற சீமை.

நிதானம் வந்ததா? ஒவ்வொரு தடவை விசையை அழுத்தும்போதும் இத்தனை ரூபாய் போயிற்று என்று மனம் கணக்குப் போட்டது. அதற்கு நிதானம் என்று பெயரில்லை, ஐயா. சிக்கனம் என்று பெயர். சிறையில் கிடப்பவன் குடிக்காமல் இருப்பதை விரதம் என்று யாராவது கொண்டாடுவார்களா? இலையில் சோறு இருந்தும் கை வைக்காதவனுக்குத்தான் விரதத்தின் பெருமை. ஆயிரம் படம் எடுக்க வசதியிருந்தும் பத்தோடு நிறுத்துகிறவனே நிதானஸ்தன். அந்தக் குணம் வெள்ளி உப்பில் இல்லை, மனிதனிடம் இருக்கிறது.

அங்கே திண்ணையில் இருந்த ஒரு பாட்டியை எடுத்தேன். “எங்க, காட்டு சாமி” என்று கையை நீட்டினாள்.

“இதுல உடனே தெரியாது பாட்டி. கழுவி வர்றதுக்குப் பதினஞ்சு நாள் ஆகும்.”

“அதுவரைக்கும் நான் இருக்கணுமே!” என்று சிரித்தாள்.

காத்திருப்பதில்தான் சுகம் என்கிறவர்களை அந்தத் திண்ணையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சுகமெல்லாம் எடுக்கிறவனுக்கு, கவலை எடுக்கப்படுகிறவளுக்கு. செல்போனில் இன்னொன்று எடுத்து, மறுநாள் பெரம்பலூரில் அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் கலை குறைந்ததாக அவள் சொல்லவில்லை.

கோடாக் கம்பெனியின் இஞ்சினீயர் ஸ்டீவன் சாஸன்தான் 1975இல் டிஜிட்டல் காமிரா ஒன்றைச் செய்து காட்டினார். அந்தக் கம்பெனியே 2012இல் திவால் மனுக் கொடுத்தது. நம் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்க ஆலை 1960இல் அமைந்து, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்தது. அதுவும் நசித்து மூடப்பட்டது. அதற்காக இந்தப் பக்தர்களில் எத்தனை பேர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்கள்? பிலிம் அவர்களுக்குச் சரித்திரம் அல்ல, அலங்காரம்.

பிலிமுக்கு உண்மையான பெருமை ஒன்று உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அது நெகடிவ். மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முகம் தெரியும். ஆனால் அந்தப் பெருமையை நாம் என்ன செய்தோம்? ஸ்டுடியோக்கள் மூடியபோது எத்தனையோ இடங்களில் கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கண்ணாடி விலைக்கும், பிலிமை வெள்ளி விலைக்கும் போட்டுவிட்டார்கள். கல்யாணக் கோலத்தில் நின்றவர்களும், பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்களும் அப்படியே அழிந்துபோனார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களில் மிஞ்சியவற்றைத் தேடிக் காப்பாற்றினார்கள். எப்படி? டிஜிட்டல் நகல் எடுத்து! ஆசாரக்காரர்கள் தீட்டு என்று தள்ளுகிற அந்தச் சாதனந்தான் அவர்களுடைய தெய்வத்துக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தது.

ஆகவே நண்பர்களே, அடுத்த சுருள் வாங்கக் கிளம்புமுன் உங்கள் ஊர்ப் பழைய ஸ்டுடியோவின் பரணை எட்டிப் பாருங்கள். அங்கே தூசி படிந்து ஒரு பெட்டி இருக்கலாம். பழைய இரும்புக் கடைக்காரன் இன்னும் வந்திராவிட்டால்.