பள்ளிச் செலவும் பள்ளிச் சட்டமும்

தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த கீழ்க்கட்டளையில் குடியிருந்து, தம் பிள்ளையைச் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் ஒரு தகப்பனாரை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். அவருக்கு இரண்டு குறைகள் உண்டு. "பள்ளிக்கூடங்களுக்கென்று கோடி கோடியாகச் செலவாவதாகப் பத்திரிகைகளில் படிக்கிறோம், எங்கள் பிள்ளை உட்காரும் வகுப்பில் அந்தப் பணத்தைக் காணோமே!" என்பது ஒன்று. "தலைமயிர் ஓரங்குலம் நீண்டால் வாயிலில் நிறுத்துகிறார்கள், ஐந்து நிமிஷம் பிந்தினால் கதவைச் சாத்துகிறார்கள், தகப்பனை அழைத்து வா என்று திருப்பி அனுப்புகிறார்கள், எனக்கு ஒரு நாள் கூலி போகிறது. இந்தச் சட்டங்களை யாரைக் கேட்டுச் செய்தார்கள்?" என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு குறைகளாகத் தோன்றினாலும் வேர் ஒன்றே என்பது நம் அபிப்பிராயம். பள்ளிக்குப் பணம் கொடுப்பவர் அவர். பள்ளியின் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவரும் அவர். ஆனால் செலவைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ அவரை ஒரு வார்த்தை கேட்பாரில்லை.

அவர் பணம் கொடுக்கிறார் என்று நாம் சொல்வது பேச்சு அலங்காரத்துக்காக அன்று. பழைய சென்னை ராஜதானியில் 1920-ம் வருஷத்து ஆரம்பக் கல்விச் சட்டம், ஸ்தல ஸ்தாபனங்களின் மூலம் கல்வி வரி வசூலிக்க வழி செய்தது. அது முதல் வீட்டு வரியோடு கல்வி வரியும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. கீழ்க்கட்டளை ஏரிக்கரைக் கிராமமாக இருந்து, பல்லாவரம் நகராட்சியில் சேர்ந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டபோது அதன் பகுதியாயிற்று. மேடவாக்கம் சாலையும் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையும் கூடுகிற அந்த ஊரில் வாடகைக்கு இருப்போர் பலர். வீட்டுக்காரர் கட்டும் வரி அவர்கள் கொடுக்கும் வாடகைக்குள் அடக்கம். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் மறைமுக வரி வேறு. ஆகையால் பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி யாரோ இட்ட பிச்சை என்று இவர்களில் ஒருவரும் நினைக்க வேண்டுவதில்லை.

செலவின் அளவைப் பார்ப்போம். 2025-26-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாடு சர்க்கார் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய தொகை 46,767 கோடி ரூபாய். அதற்கு முந்திய வருஷத்தில் 44,042 கோடி. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம். பங்கிட்டுப் பார்த்தால் தலைக்கு ஏறக்குறைய 6,500 ரூபாய். நால்வருள்ள குடும்பத்துக்கு 26,000 ரூபாய். அற்பத் தொகை அன்று. இதில் பெரும்பகுதி உபாத்தியாயர்களின் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது. அதை வீண் செலவென்று சொல்லுவோர் கட்சியில் நாம் இல்லை. உபாத்தியாயர் இல்லாத பள்ளிக்கூடம் வெறுங் கட்டிடமே. ஆனால் கட்டிடமும் வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதன் பின்னரே மாகாணம் முழுவதும் பள்ளிகளில் நைந்துபோன கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பெற்றது. 2022-ல், பேராசிரியர் அன்பழகன் பெயரால், ஐந்து வருஷத்தில் 7,000 கோடி ரூபாய்ச் செலவில் பள்ளிகளைச் சீர்செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இதில் தம் ஊர்ப் பள்ளிக்கு வந்தது எவ்வளவு, இடித்த இடத்தில் எழுந்தது என்ன, எழாவிட்டால் ஏன் எழவில்லை என்று கேட்கப் பெற்றோருக்குப் பூரண பாத்தியதை உண்டு.

இனி, வரவேண்டிய பணம் வராமற் போன கதையையும் சொல்லியாக வேண்டும். சமக்ர சிக்ஷா என்னும் திட்டத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு டில்லியும் நாற்பது பங்கு மாகாணமும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. 2024-25-ம் வருஷத்துக்கு டில்லியின் பங்கு 2,152 கோடி ரூபாய். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தின் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் தருவோம் என்று டில்லி சர்க்கார் நிபந்தனை போட்டார்கள். 1968-ல் சட்டசபை செய்த தீர்மானத்தின்படி இரு மொழிக் கொள்கையில் நிற்கும் தமிழ்நாடு அதற்கு இணங்கவில்லை. பணம் நின்றது. 2025 மே மாதம் தமிழ்நாடு சர்க்கார் வட்டியுடன் 2,291 கோடி ரூபாய் கோரி உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கென்று சட்டம் ஒதுக்கியிருக்கும் கால் பங்கு இடங்களும் இந்த வழக்கில் அகப்பட்டுக்கொண்டன. அதற்கு டில்லி தரவேண்டிய பணத்தை மேற்படி நிபந்தனையோடு முடிச்சுப் போடலாகாது என்று 2025 ஜூனில் சென்னை ஹைக்கோர்ட்டு சொல்லிற்று. இருந்தும் அந்த வருஷம் ஜூனில் நடக்கவேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது.

இங்கே நம் கருத்தை ஒளிக்காமல் சொல்லுகிறோம். ஒரு கல்விக் கொள்கை நல்லதானால் வாதாடி ஏற்கச் செய்யட்டும்; குழந்தைகளின் பணத்தைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பது ராஜரீகமும் அன்று, நியாயமும் அன்று. டில்லிக்கு இந்தப் பணம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. தமிழ் மக்கள் கொடுத்த வரியும் அதில் இருக்கிறது. ஆனால் டில்லி செய்த அநீதி கோட்டையிலுள்ளவர்களுக்குக் கேடயமாகிவிடக் கூடாது. வராத 2,152 கோடியைப் பற்றி மேடைதோறும் பேசுவோர், வந்து செலவான 44,042 கோடிக்குப் பள்ளிவாரியாகக் கணக்குச் சொல்லவும் கடமைப்பட்டவர்கள். கீழ்க்கட்டளைத் தகப்பனார் டில்லியிடம் கேட்கும் அதே கேள்வியை மாகாண சர்க்காரிடமும் கேட்டால் அதைத் துரோகம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கட்டுப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். பழைய நாளில் பிரம்பே சட்டமாக இருந்தது. தமிழ்நாட்டில் 2003-ம் வருஷம் கல்வி விதிகளில் 51-வது விதியைத் திருத்தி, மாணவரின் உடலையும் மனத்தையும் வருத்தும் தண்டனைகளைத் தடுத்தார்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அதை இந்தியா முழுவதற்கும் சட்டமாக்கிற்று. ஆயினும் 2024-ல் சென்னை ஹைக்கோர்ட்டு, இத்தடையைப் பள்ளிகளில் அமுல் நடத்துங்கள் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இருபது வருஷமாகியும் பழக்கம் முழுதும் போகவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

உபாத்தியாயர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். பிரம்பைப் பறித்துவிட்டீர்கள், ஐம்பது பிள்ளைகளை எப்படி அடக்குவது என்று அவர்கள் கேட்பதில் கஷ்டம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குனேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு அதே பள்ளியில் படித்த பிள்ளைகள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலியவற்றைப் பள்ளிக்குள் அனுமதிக்கலாகாது என்பது அதன் சிபார்சுகளில் ஒன்று. இத்தகைய விதியைக் கடுமை என்று குறை கூறும் பெற்றோரோடு நாம் சேரமாட்டோம். கயிற்றைக் கழற்றச் சொல்வது ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையிடமிருந்து காப்பதற்காக. அங்கே தயவு தாட்சண்யம் கூடாது.

ஆனால் தலைமயிர் அளவும் வாயிற்கதவும் அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை பெரும்பாலும் நிர்வாகத்தின் சௌகரியத்துக்காக ஏற்பட்டவை. பல்லாவரம் சாலையில் பஸ் நெரிசலில் சிக்கிப் பத்து நிமிஷம் பிந்திய பிள்ளையை வெளியே நிறுத்துவதால் யார் காக்கப்படுகிறார்கள்? அவன் முதல் பாடத்தை இழக்கிறான். இரண்டு மூன்று முறை இழந்தவன் பள்ளிக்கு வர அஞ்சுகிறான். அஞ்சியவன் ஒரு நாள் பட்டறையிலோ டீக்கடையிலோ வேலைக்கு நிற்கிறான். ஆரம்பக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும் வரையில் எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து விலக்கலாகாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு. ஒரேயடியாக விலக்கக் கூடாதென்று சட்டம் தடுத்ததைத் தினம் ஒரு மணி நேரமாகத் தவணை முறையில் செய்யலாமா? வக்கீல் தொழில் பார்த்தவன் என்ற முறையில் சொல்லுகிறோம்: எந்த விதியும் காரணம் சொல்ல வேண்டும், தண்டனை குற்றத்தின் அளவுக்கு மேற்படக் கூடாது, தண்டிக்குமுன் தண்டிக்கப்படுகிறவன் பேச்சைக் கேட்க வேண்டும். கொலைக் குற்றவாளிக்கு நாம் கொடுக்கும் இந்த நியாயத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மறுப்பது என்ன முறை?

பரிகாரம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. அது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோரோ காப்பாளரோ ஆக இருக்க வேண்டும். பாதிப்பேர் ஸ்திரீகளாக இருக்க வேண்டும். பள்ளி நடக்கும் விதத்தைக் கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் தீட்டுவது, சர்க்காரிடமிருந்து வந்த மான்யம் எப்படிச் செலவாகிறதென்று பார்ப்பது ஆகியவை அதன் அதிகாரங்கள். தமிழ்நாட்டில் 2022-ல் இக்குழுக்கள் 20 உறுப்பினரோடு புதுப்பிக்கப்பட்டன; 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள்.

அப்படியிருந்தும் தகப்பனாரை ஒருவரும் கேட்கவில்லை என்றால் காரணம் என்ன? கூட்டம் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் கூடுகிறது. அந்த வேளையில் கூலிக்காரரும் கம்பெனிச் சிப்பந்தியும் வேலையில் இருப்பார்கள். வந்த தாய்மாரிடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதோடு பல இடங்களில் கூட்டம் முடிந்துவிடுகிறது. கணக்கைக் கேட்டால் தலைமையாசிரியர் கோபிப்பாரோ, பிள்ளைக்குத் தொந்தரவு வருமோ என்ற பயம் வேறு. இந்தப் பயம் போகாதவரையில் நாம் அடைந்த சுயராஜ்யம் பள்ளிக்கூட வாயிலுக்கு வெளியேதான் நிற்கிறது.

நம் ஊர்களுக்கு இது தெரியாத வித்தை அன்று. 1958-ல், காமராஜ் முதன் மந்திரியாகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைத் தலைவராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஊரார் கூடித் தங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டார்கள். பெஞ்சும் கடியாரமும் துணியும் நிலமும் தங்கள் கையாலேயே கொடுத்தார்கள். கொடுத்தவன் கண்ணெதிரே பொருள் இருந்தபடியால் தனியாகக் கணக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. இன்று பணம் வேறு வழியாக வருகிறது. ஊராரின் கண் மட்டும் பள்ளியை விட்டு அகன்றுவிட்டது.

ஆகவே நாம் கோருவன சில. ஒவ்வொரு பள்ளியிலும் அவ்வருஷம் வந்த மான்யமும் செலவும் தமிழில், பெரிய எழுத்தில், வாயிற்சுவரில் எழுதப்பட வேண்டும். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் கேளாமலே வெளியிடச் சொல்லும் விஷயங்களின் கருத்தும் இதுவே. கட்டுப்பாட்டு விதிகள் அனைத்தையும் மேலாண்மைக் குழுவின் முன் வைத்து, காரணம் சொல்லி, பெற்றோர் சம்மதம் பெற்ற பின்னரே அமுலுக்குக் கொண்டுவர வேண்டும். பிந்தி வந்த பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்ளட்டும்; வகுப்பை விட்டு நிறுத்தக் கூடாது. குழுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையிலோ மாலை ஏழு மணிக்கோ கூட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டமோ பெரும் பணமோ வேண்டாம்.

தேசத் தொண்டு செய்ய விரும்பும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. கொடி பிடிக்கவும் கோஷமிடவும் ஆள் குறைவில்லை. ஆனால் தம் தெருப் பள்ளியின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்துக்குக் கூலி இழந்து வரும் ஒரு தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்க நினைத்ததைக் கேட்கத் துணை நில்லுங்கள். கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் இது நடந்தால் பம்மலிலும் செம்பாக்கத்திலும் நடக்கும். தாம்பரத்தில் நடந்தது கோட்டைக்கும் எட்டும்.