விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது: பழைய மடிக்கணினியை லினக்ஸுக்கு மாற்றலாமா?

உங்கள் மடிக்கணினி இன்னும் நல்லாத்தான் ஓடுது. திரையில் கீறல் இல்லை. விசைப்பலகை சரியாக இருக்கிறது. யூடியூப் தடையில்லாமல் வருகிறது. ஆனாலும், இந்தக் கணினியில் விண்டோஸ் 11 போட முடியாது என்ற அறிவிப்பு அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது.

கெட்டுப்போகாத ஒரு பொருளை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? இப்படிக் கேட்டால், கணினி தெரிந்த நண்பர் யாராவது ஒருவர் சொல்வார்: "பேசாம லினக்ஸ் போட்டுடு."

அது நல்ல யோசனையா? கணினியைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது இங்கே பெரிய விஷயமில்லை. அந்தக் கணினியில் நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கும்.

என்ன நடந்தது?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது.

கணினி அன்றோடு நின்றுபோகவில்லை. நின்றது, இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள். இனிமேல் மென்பொருளில் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், வழக்கமான முறையில் அது அடைக்கப்படாது.

"அதனால என்ன?" என்று தோன்றலாம். 2017 மே மாதம் உலகை உலுக்கிய 'வானாகிரை' தாக்குதலை நினைத்துப் பாருங்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் அதிகம் சிக்கின. பிரிட்டனில் மருத்துவமனைச் சேவைகள் தடைபட்டன. சிங்கப்பூரிலும் கடைத்தொகுதியில் இருந்த மின்னிலக்கத் தகவல் பலகைகள் பாதிக்கப்பட்டன.

அப்போது தீர்வு கையில் இருந்தும் பலர் பயன்படுத்தவில்லை. ஆதரவு முடிந்த கணினிக்கோ தீர்வே வராது. வித்தியாசம் அதுதான்.

என் கணினிக்கு மட்டும் ஏன் விண்டோஸ் 11 கிடையாது?

விண்டோஸ் 11-க்கு 'டிபிஎம் 2.0' எனும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலியும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. 2017ஆம் ஆண்டுவாக்கில் அல்லது அதற்கு முன்பு வாங்கிய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்த வரம்பில் அடிபட்டுவிடும்.

வேகம் போதவில்லை என்பது மட்டுமே காரணமல்ல. பாதுகாப்பு அடித்தளத்தை உயர்த்துவதாக மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது, நன்றாக ஓடும் கணினியை வைத்திருப்பவர்.

உங்கள் முன் உள்ள நான்கு வழிகள்

முதல் வழி, கூடுதல் அவகாசம். தனிப்பட்ட பயனீட்டாளர்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதில் சேமித்து வைத்தால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் 30 அமெரிக்க வெள்ளி. இது தீர்வல்ல, யோசிக்க நேரம் வாங்கித் தரும், அவ்வளவே.

இரண்டாவது, புதிய கணினி. காசு இருந்தால் ஆகச் சுலபமான வழி. பழையதைக் குப்பையில் போடாதீர்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2021 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள விதிமுறைப்படி, புதிய மடிக்கணினியை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும்போது பழையதை இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரரிடம் கேட்கலாம்.

மூன்றாவது, குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது. தகுதியில்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே கூறியுள்ளது. புதுப்பிப்புக்காக மாறப்போய், அதுவே நிச்சயமில்லை என்றால் என்ன பயன்?

நான்காவது, லினக்ஸ்.

லினக்ஸ் என்றால் என்ன?

1991இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. இன்று உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் சேர்ந்து வளர்க்கும் இயங்குதளம். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதன் நிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம்.

புதிதாகத் தோன்றினாலும் உங்களுக்கு அது அந்நியமல்ல. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே ஓடுவது லினக்ஸின் மையப் பகுதிதான். உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸில் இயங்குகின்றன.

குழப்பம் வருவது பெயர்களில்தான். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, சோரின் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். புரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு ஒன்றுதான். பிளேன் வேண்டுமா, முட்டை வேண்டுமா, வெங்காயம் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

முதன்முதலாக மாறுபவருக்கு 'லினக்ஸ் மின்ட்' பொருத்தமாக இருக்கும். கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல் என்று பழைய விண்டோஸ் போலவே தோற்றம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் போதும். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு.

யார் மாறலாம், யார் மாறக்கூடாது?

ஒரு தாள் எடுங்கள். கடந்த ஒரு மாதத்தில் அந்தக் கணினியில் நீங்கள் திறந்த மென்பொருள்களை எழுதுங்கள். உங்களுக்கான விடை அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பெரும்பாலானவை உலாவியில் நடப்பவையா? அப்படியென்றால் கவலை வேண்டாம். கூகல் டாக்ஸ், கேன்வா, யூடியூப், இணைய வங்கி, மத்திய சேம நிதி, வருமான வரி எல்லாமே உலாவி வழியாக இயங்குபவை. சிங்பாஸ் நுழைவும் அப்படித்தான்: திரையில் வரும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் வருடினால் போதும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஸூம், டெலிகிராம், டிஸ்கார்ட் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்புகள் உண்டு. வாட்ஸ்அப்பை உலாவியில் திறக்கலாம்.

ஆனால் பட்டியலில் கீழ்க்கண்டவை இருந்தால் நிதானியுங்கள்.

தேர்வு மென்பொருள்: தேர்வு நேரத்தில் கணினியைப் பூட்டிவைக்கும் 'எக்ஸாம்ப்ளிஃபை', 'லாக்டவுன் பிரவுசர்' போன்றவை லினக்ஸில் இயங்குவதில்லை. பல்கலைக்கழகமோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ, உங்கள் பாடங்களுக்கு எது தேவை என்பதை முதலில் விசாரியுங்கள். தேர்வு அன்று காலையில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல இது.

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ், அடோபி: இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. வேர்டு, எக்செல் ஆகியவற்றை உலாவியில் பயன்படுத்தலாம். லிப்ரே ஆஃபிஸ் மின்ட்டிலேயே வருகிறது. சாதாரணக் கட்டுரைக்கு அது தாராளம். ஆனால் குழுவாகச் சேர்ந்து செய்யும் படைப்பில் பக்க அமைப்பு இங்கொன்றும் அங்கொன்றுமாக நகர்ந்துவிடும். ஃபோட்டோஷாப், பிரீமியர் பிழைப்புக்குத் தேவை என்றால் விண்டோஸ் அல்லது மேக்தான்.

விளையாட்டு: ஸ்டீம் தளத்தில் உள்ள பல விளையாட்டுகள் 'புரோட்டான்' எனும் மென்பொருளின் உதவியோடு லினக்ஸில் ஓடும். டோட்டா 2, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 நேரடியாகவே ஓடும். வேலரண்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு முறை லினக்ஸை அனுமதிப்பதில்லை.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

முடியும். திரையில் தமிழ் எழுத்துகளைப் படிப்பதற்கு நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. தட்டச்சுக்கு 'ஐபஸ்' எனும் உள்ளீட்டு வசதியையும் அதற்கான 'எம்17என்' தொகுப்பையும் நிறுவ வேண்டும். பிறகு தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை என உங்களுக்குப் பழகிய விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

விண்டோஸிலும் மேக்கிலும் முரசு அஞ்சல் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு முதல் சில நாள்கள் கை தடுமாறும். தமிழ்99 அறிந்தவர்களுக்கு அந்தச் சிரமம் குறைவு.

அழிக்காமல் எப்படிச் சோதிப்பது?

பலருக்குத் தெரியாத வசதி இது: லினக்ஸைக் கணினியில் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். தேவை, 8 ஜிபி யூஎஸ்பி ஒன்று. அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் வெற்று யூஎஸ்பியாக இருக்கட்டும்.

1. உங்கள் கோப்புகள், படங்கள் அனைத்தையும் வெளிச் சேமிப்பகத்தில் நகலெடுங்கள். நகலைத் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள்.

2. விண்டோஸ் உங்கள் வட்டை 'பிட்லாக்கர்' கொண்டு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைக் குறித்து வையுங்கள். இதை மறந்தால் சொந்தக் கணினிக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம்.

3. லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து மட்டும் கோப்பைப் பதிவிறக்குங்கள். 'எட்சர்' அல்லது 'ரூஃபஸ்' மென்பொருளால் அதை யூஎஸ்பியில் ஏற்றுங்கள்.

4. கணினியை மறுபடியும் தொடக்கும்போது எஃப்12, எஃப்2 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, யூஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். எந்த விசை என்பது கணினியின் தயாரிப்பாளரைப் பொறுத்தது.

இப்போது நீங்கள் பார்ப்பது யூஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸ். உங்கள் வட்டில் எதுவும் மாறவில்லை. வைஃபை கிடைக்கிறதா? ஒலி, கேமரா, புளூடூத் வேலை செய்கின்றனவா? வீட்டில் உள்ள அச்சுப்பொறி? எல்லாவற்றையும் ஒரு மாலைப்பொழுது முழுக்கச் சோதியுங்கள். விரல்ரேகை உணர்கருவி பல மடிக்கணினிகளில் வேலை செய்யாது.

பிடிக்கவில்லையா? யூஎஸ்பியை எடுத்துவிட்டு மறுபடியும் தொடக்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

பிடித்திருந்தால், நிறுவும்போது இரண்டு தெரிவுகள் வரும். விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸையும் வைத்துக்கொள்வது ஒன்று. முழு வட்டையும் அழிப்பது இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் திரும்ப வழியில்லை. வீட்டில் எல்லாரும் புழங்கும் கணினி என்றால், அப்பா அம்மாவிடம் கேட்காமல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். பாட்டியின் பிறந்தநாள் படங்கள் அந்த வட்டில் மட்டும்தான் இருக்கலாம்.

லினக்ஸில் நச்சுநிரல் வராதா?

அப்படி ஒரு பேச்சு உண்டு. முழு உண்மையல்ல. மென்பொருளை நம்பகமான ஒரே களஞ்சியத்திலிருந்து நிறுவும் பழக்கத்தால் ஆபத்து குறைகிறது. ஆனால் வங்கிக் கடவுச்சொல்லைப் போலி இணையத்தளத்தில் நீங்களே கொடுத்துவிட்டால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

இன்னொன்று: சிக்கல் வந்தால் இணையத்தில் தேடுவீர்கள். யாரோ ஒருவர் கொடுத்த கட்டளையை அப்படியே ஒட்டச் சொல்வார். அது என்ன செய்யும் என்று புரியாமல் ஒட்டாதீர்கள். மின்ட்டில் உள்ள 'டைம்ஷிஃப்ட்' கருவியை முதல் நாளே அமைத்துவிடுங்கள். ஏதாவது கோளாறானால் இயங்குதளத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுபோக அது உதவும். உங்கள் சொந்தக் கோப்புகளுக்குத் தனி நகல் தேவை.

பெரிய அமைப்புகள் என்ன கற்றன?

ஜெர்மனியின் மியூனிக் நகர மன்றம் பல ஆண்டு உழைத்து, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. லினக்ஸ் ஓடவில்லை என்பதல்ல பிரச்சினை. மற்ற அமைப்புகளோடு கோப்புகளைப் பரிமாறுவதிலும் குறிப்பிட்ட சில மென்பொருள்களிலும் தொடர்ந்து சிக்கல் இருந்தது. அரசியலும் சேர்ந்துகொண்டது.

அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, சுமார் 30,000 பணியிடக் கணினிகளை லிப்ரே ஆஃபிஸுக்கும் படிப்படியாக லினக்ஸுக்கும் மாற்றப்போவதாக 2024இல் அறிவித்தது. முதலில் அலுவலக மென்பொருள், பிறகு இயங்குதளம் என்ற வரிசையைக் கவனியுங்கள்.

உங்களுக்கும் அந்த வரிசை பொருந்தும். விண்டோஸில் இருக்கும்போதே இரண்டு வாரம் லிப்ரே ஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றை மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். அதில் தடுமாற்றம் இல்லை என்றால், அடியில் இருக்கும் இயங்குதளம் மாறினாலும் உங்களுக்குப் பெரிய அதிர்ச்சி இருக்காது.

அப்போ, முடிவு என்ன?

உலாவியும் கட்டுரையும்தான் உங்கள் வேலை என்றால், லினக்ஸ் அந்த மடிக்கணினிக்கு இன்னும் சில ஆண்டு வாழ்வு கொடுக்கும். புதிய கணினிக்கான பணம் மிச்சமாகும்.

தேர்வு மென்பொருளோ வேலரண்டோ தவிர்க்க முடியாதது என்றால், முழுதாக மாறாதீர்கள். நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்பில் பதிந்துகொண்டு, அதற்குள் புதிய கணினிக்குச் சேமியுங்கள். பழையதில் லினக்ஸ் போட்டு வீட்டில் யாருக்காவது கொடுக்கலாம்.

ஒன்றுமே செய்யாமல், புதுப்பிப்பு இல்லாத விண்டோஸ் 10-இல் வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருப்பது மட்டும் வேண்டாம்.