தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியாதீங்க சாமி!

வெயில் காலம் வந்தாச்சுன்னா ஜிஎஸ்டி ரோட்டோரமா பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, கையில தண்ணி பாட்டிலோட நிக்கிறவங்களை நிறையப் பார்க்கலாம். அந்த வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனா நிறைய இடத்துல ரெண்டே ரெண்டு வைத்தியம்தான். ஒண்ணு, தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூரப் போடுறது. ரெண்டு, ரேடியேட்டர் ஃபேனை 'டைரக்ட்' பண்றது, அதாவது சாவி போட்டதிலிருந்து நிக்காம சுத்துற மாதிரி வயரை மாத்தி விடுறது. "இனிமே ஹீட்டே ஆகாது சார், தைரியமா போங்க"ன்னு உத்தரவாதம் வேற.

இது ரெண்டுமே ரிப்பேர் இல்லைங்கிறதுதான் என் கட்சி. பொட்டி தட்டுற எங்க தொழில்லயும் இப்படிப்பட்ட புண்ணியவான்கள் உண்டு. எர்ரர் ஏன் வருதுன்னு பார்க்க மாட்டாங்க, அந்த மெசேஜ் திரையில வராம மறைச்சு விட்டுடுவாங்க. டெமோ அமோகமா முடியும். மூணு மாசம் கழிச்சு கஸ்டமர் இடத்துல மொத்தமா படுத்துக்கும். கார்ல என்ன வித்தியாசம்னா, படுக்கிறது ஹெட் கேஸ்கட் :-)

கொஞ்சம் அடிப்படையைப் பார்த்துடுவோம். பெட்ரோல்ல இருக்கிற சக்தியில சுமார் மூணுல ஒரு பங்குதான் உருப்படியான வேலையா மாறுது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியா போயிடும். மிச்சத்துல பெரும்பாகம் கூலன்ட் தலையிலதான் விடியும். சிலிண்டருக்குள்ள எரியற வாயுவோட சூடு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில உருகிடும். நடுவுல நின்னு காப்பாத்துறது உள்ள ஓடுற அந்த சில லிட்டர் கூலன்ட்தான்.

அது 100 டிகிரியில கொதிச்சுடாம இருக்கக் காரணம் ரேடியேட்டர் மூடி. வீட்டுல குக்கர் வெயிட் செய்யிற அதே வேலை. சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வச்சா வெறும் தண்ணியே 120 டிகிரி வரைக்கும் தாக்குப் பிடிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தா இன்னும் கொஞ்சம் மேல.

தெர்மோஸ்டாட்டுக்குள்ள இருக்கிறது ஒரு துண்டு மெழுகு. பல கார்கள்ல 82லிருந்து 88 டிகிரிக்குள்ள அது உருகி விரிஞ்சு வழியைத் திறந்து விடும். அதைக் கழட்டிட்டா இன்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரமாகும். 'இன்னும் வார்ம்-அப் ஆகலை'ன்னு நினைச்சு ஈசியூ பெட்ரோலைக் கூடுதலா விட்டுக்கிட்டே இருக்கும். ஆயில்ல சேர்ற ஈரம் ஆவியாகாம சேறு கட்டும். இன்னொரு கூத்தும் இருக்கு. சில இன்ஜின்கள்ல பைபாஸ் வழியை மூடுறதும் இதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழட்டினா கூலன்ட்ல ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாம குறுக்கு வழியிலேயே சுத்தி, சூடு முன்னைவிட ஏறும்!

சரி, என்னதான் பண்றது? காய்ச்சல்னு போனா டாக்டர் கேட்கிற கேள்வியையே இங்கயும் கேட்கணும். "எப்போ சூடாகுது?"

டிராஃபிக்ல நிக்கும்போது முள் ஏறி, வண்டி ஓட ஆரம்பிச்சதும் இறங்குதா? காத்துப் பிரச்னை. ஃபேன் மோட்டார், ஃபியூஸ், ரிலே, சென்சார், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைச்சிருக்கிற தூசி, இதையெல்லாம் பார்க்கணும்.

டவுனுக்குள்ள ஒழுங்கா இருந்துட்டு ஹைவேயில வேகமா போனா மட்டும் ஏறுதா? ஃபேன் மேல பழி போடாதீங்க, அந்த வேகத்துல காத்து தானா வரும். ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிற கீழ் ஹோஸ், இதுல ஏதோ ஒண்ணா இருக்கலாம்.

ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்துல முள் சிவப்புக்குப் போகுது, ரேடியேட்டர் மட்டும் ஜில்லுன்னு இருக்கா? தெர்மோஸ்டாட் மூடினபடியே மாட்டியிருக்கலாம். புதுசு போடுங்க.

ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா, ஆயில் பால் காபி நிறத்துல இருக்கா? ஹெட் கேஸ்கட் மேல சந்தேகப்படுங்க. அந்த வண்டியை அதுக்கு மேல ஓட்டாதீங்க.

எங்கப்பா ரிட்டயர் ஆன பணத்துல ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். அம்மாவை மூட்டு வலிக்காக மாசாமாசம் வேலூர் கூட்டிட்டுப் போறதுக்குன்னே வாங்கினது. பாதி வழியில ஹீட் ஆகி நிக்க ஆரம்பிச்சது. முதல் ஒர்க்‌ஷாப்ல ஃபேன் மோட்டார் மாத்தினாங்க. ரெண்டாவது இடத்துல வாட்டர் பம்ப். மூணாவது இடத்துல, வேற என்ன, தெர்மோஸ்டாட்டைக் கழட்டினாங்க. நாலு மாசம் அம்மா அந்த முட்டியோட பஸ்லதான் போய் வந்தாங்க.

காஞ்சிபுரத்துல ஒரு வயசான மெக்கானிக். வண்டியைத் தொடறதுக்கு முன்னாடியே, "எப்போ சார் ஏறுது? நின்னதும் ரிசர்வ் டப்பா எப்படி இருக்கு?"ன்னார். ஒவ்வொரு தடவையும் டப்பா பொங்கி வழியும், ரேடியேட்டர்ல அளவு குறைஞ்சிருக்கும்னு அப்பா சொன்னார். மூடியைக் கழட்டிக் காட்டினார். ரப்பர் வெடிச்சு, ஸ்பிரிங் தளர்ந்து கிடந்தது. புது மூடி சில நூறு ரூபாய். தெர்மோஸ்டாட்டையும் புதுசா மாட்டிட்டார். அதுக்கப்புறம் வண்டி நிக்கவே இல்லை.

கூலன்ட் விஷயத்துலயும் ஒரு வாதம் கேட்டிருப்பீங்க. "நம்மூர்ல பனியா கொட்டுது? தண்ணி போதும் சார்." சூட்டைச் சுமக்கிறதுல வெறும் தண்ணிதான் கெட்டி, ஒத்துக்கறேன். ஆனா கூலன்ட் உறையாம இருக்க மட்டும் இல்லை. உள்ள துரு பிடிக்காமப் பார்த்துக்கும், கொதிநிலையை ஏத்தும். போர் தண்ணியை ஊத்தினா வாட்டர் ஹீட்டர் காயில்ல படியுற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாய்லயும் படியும். அவசரத்துக்கு எந்தத் தண்ணியும் ஊத்தலாம். ஊருக்கு வந்ததும் வடிச்சுட்டு ஒழுங்கானதை ஊத்திடுங்க.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டுறது நியாயம் இல்லை. 'ஒரு மணி நேரத்துல வேணும்'னு நிக்கிறது நாம. புது பார்ட் போட்டா கேள்வி கேட்காமக் காசு கொடுப்போம். அரை மணி நேரம் யோசிச்சுக் கண்டுபிடிச்சவர் 500 ரூபாய் கேட்டா, "ஒரு மூடி மாத்தினதுக்கு இவ்ளோவா?"ன்னு பேரம் பேசுவோம். அப்புறம் யார் யோசிப்பாங்க? அப்பா அந்தப் பெரியவர் கேட்டதைவிட 200 ரூபாய் சேர்த்தே கொடுத்தார்.

கடைசியா, வண்டி எடுக்கிறவங்களுக்கு. முள் சிவப்பை நெருங்கினா ஏசியை அணைச்சுட்டு ஹீட்டரை ஃபுல்லா வைங்க. வேர்த்துக் கொட்டும், ஆனா இன்ஜின் சூட்டுல கொஞ்சம் கேபினுக்குள்ள இறங்கும். அதுக்கும் அடங்கலைன்னா ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க. நல்லா ஆறாம மூடியைத் திறக்காதீங்க, ஆவி முகத்துல அடிக்கும். சிவப்புல இருந்த முள் திடீர்னு தரைக்கு இறங்கினா, 'அப்பாடா'ன்னு ஓட்டாதீங்க. தண்ணி மொத்தமா போயிருந்தா சென்சார் காத்துல நின்னுக்கிட்டு அப்படித்தான் பொய் சொல்லும்.

உங்க வண்டியில தெர்மோஸ்டாட் இருக்கான்னு அடுத்த சர்வீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. பழைய வண்டி வாங்கியிருந்தீங்கன்னா கண்டிப்பா கேளுங்க.