கண் ஏமாறலாம், கால் ஏமாறலாமா?

மோசடி ஒன்று உடைந்து ஊரார் பணம் பறிபோயிற்று என்ற செய்தி வெளிவந்ததும், தம்மை அறிவுடையோர் எனக் கருதுவோர் வாயில் எழும் முதற்சொல் 'பேராசை'. இரண்டாவது சொல் 'மடமை'. இவ்விரு சொற்களையும் உதிர்த்துவிட்டு அவர்கள் தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகின்றனர். ஏமாந்தவனோ நாணித் தலைகுனிந்து வாய்மூடி இருக்கின்றான். ஏமாற்றியவன் அடுத்த ஊருக்குப் பயணமாகின்றான். அப்படியாயின் அந்தப் பழிச்சொல் யாருக்கு உதவிற்று? ஏமாற்றியவனுக்கே உதவிற்று என்பது எமது துணிபு.

உண்மை யாதெனில், மனிதப் புலன்கள் ஏமாறும் இயல்பினவே. பாலாவியை எடுத்துக்கொள்வோம். புத்தளத்திலிருந்து கொழும்பு செல்லும் நெடுஞ்சாலையில் கற்பிட்டி வீதி பிரிகின்ற அவ்வூர், உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. உச்சி வெயிலில் அங்கே தார் வீதியில் நிற்பவன் கண்ணுக்குச் சற்றுத் தொலைவில் நீர் தேங்கிக் கிடப்பது போலத் தோன்றும். உப்புப் பாத்தியில் மின்னுவது மெய்நீர். வீதியில் மின்னுவது பொய்நீர். சூடேறிய தரையை ஒட்டிய காற்று ஒளியை வளைப்பதால் வானத்தின் சாயலே நீராகத் தெரிகின்றது. இந்த விஞ்ஞானத்தை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியருக்கும் அது நீராகவே தெரியும். பள்ளிக்கூட வாசலை மிதியாத உப்பளத் தொழிலாளிக்கும் நீராகவே தெரியும். ஆயினும் இருவருள் எவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதனை நோக்கி ஓடுவதில்லை. அறிவின் தொழில் கண்ணை மாற்றுவதன்று, காலைத் தடுப்பதே.

கண்ணைப் போலவே மனமும் ஏமாறுகின்றது. இதனை ஆராய்ந்தோர் பலர். 1950களில் சொலமன் ஆஷ் என்னும் உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். கோடுகளைக் காட்டி, எந்த இரண்டு சம நீளமானவை என்று கேட்டார். விடை வெளிப்படையானது. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் அனைவரும், முன்னரே பேசிவைத்தபடி, தவறான விடையையே ஒருமித்துக் கூறினர். தனித்து விடப்பட்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர், ஒரு தடவையேனும் தம் கண் கண்டதைக் கைவிட்டுக் கூட்டத்தின் பொய்யை ஒப்பினர். 1977இல் வேறு மூவர் நடத்திய ஆய்வில், ஒரே கூற்றை மீண்டும் மீண்டும் கேட்டவர்கள், மெய்யோ பொய்யோ, அதனை உண்மை என்று நம்பும் போக்கு வளர்ந்தமை தெரியவந்தது.

ஆக, நம் மனத்திற்கு இரண்டு திறவுகோல்கள் உள்ளன. ஒன்று, பலர் சொல்வது. மற்றொன்று, பலமுறை சொல்வது. விளம்பரத் தொழில் இவ்விரண்டையும் கையில் வைத்திருக்கின்றது. ஒரே பாட்டை நாள்தோறும் வானொலியில் ஒலிக்கச் செய்வதும், வெள்ளை அங்கி அணிந்த ஒருவரை வைத்தியர் போல நிறுத்திப் பற்பசை விற்பதும், ஆயிரம் ரூபாப் பொருளுக்கு 990 எனச் சீட்டு ஒட்டுவதும் இவ்வறிவின் விளைவுகளே. இவற்றில் நாம் இழப்பது சில நூறு ரூபா. ஆனால் இதே திறவுகோல்கள் கள்வன் கைக்குச் செல்லும்போது காணியும் நகையும் பறிபோகின்றன.

தமிழ்நாட்டு உழவர்கள் கண்ட அழிவொன்று நம் கமக்காரர்களுக்குப் பாடமாகும். ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையில் சுசி ஈமு பண்ணை என்றொரு நிறுவனம் எழுந்தது. முற்பணம் கட்டினால் ஈமுக் கோழிக் குஞ்சும் தீவனமும் தருவோம்; வளர்ப்பதற்கு மாதந்தோறும் பணமும் ஆண்டுதோறும் ஊக்கத்தொகையும் தருவோம் என்றது. திரைப்பட நடிகர்கள் விளம்பரத்தில் தோன்றினர். முதலிற் சேர்ந்தவர்களுக்கு மாதப் பணம் ஒழுங்காகவே வந்தது, அதுவே பொறி. பக்கத்து வீட்டான் பணம் வாங்குவதைக் கண்ணாற் கண்ட பின் எவன் ஐயுறுவான்? ஆனால் அந்த இறைச்சியை வாங்கிச் சமைப்பவர் எங்கே என்று கேட்டவர் சிலரே. புதிதாய்ச் சேர்பவன் பணமே பழையவன் கைக்குப் போயிற்று. 2012இல் எல்லாம் சரிந்தது. நடத்தியவருக்கு நீதிமன்றம் பின்னர் சிறைத்தண்டனை விதித்தது. பறவைகளோ தீனியின்றி வாடின.

உழவன் கல்லாதவன், அதனால் ஏமாந்தான் என்று உத்தியோகத்தர் எவரேனும் நகைப்பாராயின், 2008ஆம் ஆண்டு கொழும்பில் நிகழ்ந்ததை அவர் நினைவுகூர்தல் வேண்டும். வைப்புப் பணம் ஏற்க அதிகாரம் பெறாத 'கோல்டன் கீ' கடனட்டை நிறுவனம், வங்கிகளை விஞ்சிய வட்டி தருவதாகக் கூறிப் பல நூறு கோடி ரூபாவைத் திரட்டி, அவ்வாண்டு இறுதியில் வீழ்ந்தது. அங்கே பணம் இட்டவர்களுள் கற்றோரும் ஓய்வூதியரும் நிரம்ப இருந்தனர். பட்டம் அவர்களைக் காக்கவில்லை.

அண்மைக் காலத்தில் இதே தொழில் கைத்தொலைபேசிக்குள் புகுந்துள்ளது. 'நீங்கள் ஆறு பேரைச் சேருங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்கட்டும்' என்பதே மந்திரம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு, முப்பத்தாறு, 216, 1,296 என்று ஏறி, ஒன்பதாம் படியில் ஒரு கோடியைத் தாண்டும். பத்தாம் படிக்கு ஆறு கோடிப் பேர் வேண்டும். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையின் மொத்தக் குடிசனமே 2 கோடி 17 இலட்சம் அளவினது. தொட்டிற் குழந்தையைச் சேர்த்தாலும் போதாது! கடைசிப் படியில் நிற்பவர்கள் இழப்பது இத்திட்டத்தின் குறைபாடன்று, அதுவே இத்திட்டம்.

சட்டம் இல்லையா? உண்டு. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு இத்தகைய கூம்பகத் திட்டங்களைத் தடைசெய்கின்றது. தொடங்குவது மட்டுமன்று, ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் குற்றமே. மத்திய வங்கி 2023இல் பல நிறுவனங்களைப் பெயர் சுட்டி எச்சரித்தது. ஆனால் கொழும்பில் வெளியாகும் பட்டியல் கற்பிட்டி வெங்காயத் தோட்டத்துக்கு எப்போது வந்து சேரும்? கள்வன் மோட்டார் சைக்கிளில் வருகின்றான். எச்சரிக்கை மாட்டுவண்டியில் வருகின்றது. கமநல சேவை நிலையங்களிலும் கிராம அலுவலர் பணிமனைகளிலும் பள்ளிவாசல், கோயில், தேவாலய வாசல்களிலும் அப்பட்டியல் தமிழில் உரிய காலத்தில் ஒட்டப்படல் வேண்டும். இதனைக் கேட்பது சலுகை அன்று, உரிமை.

அரசைக் கேட்கும் வாயால் நம்மையும் கேட்போம். மோசடிக்காரன் ஊருக்குள் வந்ததும் முதலில் யாரைத் தேடுகின்றான்? ஊரார் மதிக்கும் ஆசிரியரை, எழுதுவினைஞரை, சட்டத்தரணியைத் தேடுகின்றான். அவரது பணம் அவனுக்குப் பெரிதன்று. அவரது பெயரே பெரிது. 'மாஸ்டரே சேர்ந்துவிட்டார்' என்ற ஒரு சொல் நூறு விளம்பரத்துக்குச் சமம். எனவே கற்றவர் ஒருவர் தெரியாத திட்டத்திற்குத் தம் பெயரை இரவல் கொடுப்பது, தம் அயலவர் வீட்டுத் திறவுகோலைக் கள்வனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர் 1963இல் ஓர் அறைகூவல் விடுத்தார். ஏமாற்ற இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக அறிவித்தார். 1978இல் அவர் மறையும் வரை ஒருவரேனும் அப்பரிசை வென்றாரில்லை. கடவுள் நம்பிக்கையில் அவரோடு மாறுபடுவோரும் அவர் முறையைக் கைக்கொள்ளலாம்: சொல்லை நம்பாதே, சோதனைக்கு வா என்று அழை.

அம்முறை நம் மக்களுக்குப் புதிதன்று. பாத்தி வெள்ளையாய்த் தெரிகின்றதே என்று எவனும் உப்பு வாருவதில்லை. உப்புநீரின் செறிவை அளந்து அறிகின்றான். கமக்காரன் தராசில் நிறுக்காமல் வெங்காயத்தைக் கொடுப்பதில்லை. பொருளை அளக்கும் நாம் வாக்குறுதியை மட்டும் அளவாமல் வாங்குவானேன்? இலாபம் எந்தப் பொருளின் விற்பனையிலிருந்து வருகின்றது? மத்திய வங்கியின் அனுமதி உண்டா? நாளை வரை பொறுப்பாயா? இம்மூன்று வினாக்களையும் கேட்போம். முதல் வினாவிற்கே அவன் முகம் கோணுமாயின் மற்ற இரண்டும் தேவையில்லை. மத்திய வங்கியின் 1935 என்னும் தொலைபேசி இலக்கத்திற்குச் செய்தி சொல்வோம். முன்னரே ஏமாந்தவர்களை எள்ளாமல் அவர்களை வாய்திறந்து பேசச் செய்வோம். அவர்கள் பேசினால் அடுத்த ஊர் தப்பும்.