வத்தைக்கும் ஒரு பேட்டரி மோட்டார் வேணும்

போன மாதம் இந்தச் சுவரில் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருத்தர் கரண்ட் பைக் நல்லதா கெட்டதா என்று எழுதியிருந்தார். நிறைய பேர் நின்று படித்தோம். ரோட்டுக்கு வந்த கரண்ட் வண்டி நம்ம கடலுக்கு எப்ப வரும்னு யாரும் கேட்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

நான் சொல்வது பெரிய விசைப்படகைப் பற்றி இல்லை. வத்தையைப் பற்றி. நம்ம பாக் நீரிணைப் பக்கம் கரையோரம் ஆழம் கம்மி. அதனால விசைப்படகு தள்ளித்தான் நங்கூரம் போட்டு நிற்கும். ஆள், ஐஸ், தண்ணி கேன், டீசல் கேன் எல்லாம் வத்தையில்தான் போகணும். மீனும் வத்தையில்தான் கரைக்கு வரணும். இதெல்லாம் துடுப்பு போட்டும் கம்பு ஊன்றியும் நடக்கிற வேலை. பாசி வளர்க்கிற மிதவைக்குப் போகவும் வத்தைதான்.

இந்த வத்தையின் பின்னாடி மாட்டிக் கழற்றுகிற சின்ன மின்சார மோட்டார் உலகத்தில் இருக்கிறது. இது புதுசு என்று நினைக்காதீங்க. 1881-ல் பாரிஸ் நகரத்தில் குஸ்தாவ் துருவே என்பவர் சுக்கானோடு சேர்த்து மாட்டுகிற மின்சார மோட்டாரைச் செய்து, சேன் ஆற்றில் படகு ஓட்டிக் காட்டினார். ஓலே எவின்ரூட் பெட்ரோல் மோட்டாரை விற்க ஆரம்பித்ததே 1909 வாக்கில்தான். அப்படின்னா படகு விஷயத்தில் கரண்ட்தான் அக்கா, பெட்ரோல் தங்கச்சி. பேட்டரி ரொம்ப கனமாக இருந்ததால் அக்கா பின்தங்கிப் போனாள். லித்தியம் பேட்டரி வந்த பிறகு மறுபடி எழுந்துவிட்டாள்.

ஜெர்மனியில் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் பெட்ரோல் படகுக்கு லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம். அந்த ஊரில் 2005-ல் டார்க்கீடோ என்ற கம்பெனி இந்த மாதிரி மோட்டார் செய்ய ஆரம்பித்தது. 2024-ல் அந்தக் கம்பெனியை யமஹா வாங்கிவிட்டது. பெட்ரோல் இன்ஜின் விற்கிற கம்பெனியே இதை வாங்குகிறது என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தானே? பக்கத்தில் கேரளாவில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவில் 75 பேர் போகிற 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகு 2017 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது.

இப்ப ஒரு கணக்கு. படகு கரையிலிருந்து 400 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நடக்கிற வேகத்தில் போனால் ஏறக்குறைய 5 நிமிஷம். போக வர 10 நிமிஷம். மோட்டார் 500 வாட் எடுத்தால் ஒரு நடைக்கு 83 வாட்-மணி செலவு. 900 வாட்-மணி பேட்டரி இருந்தால் பத்து நடை அடிக்கலாம். எதிர்காற்று அடித்தால் குறையும். திரும்ப சார்ஜ் போட ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பதினைந்து ரூபாயைத் தாண்டாது. ஒரு லிட்டர் பெட்ரோல் நூறு ரூபாய் பக்கம்.

இன்னொரு விஷயம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி பாதியாக ஆகாது, ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால் மெதுவாகப் போகிற வேலைக்குத்தான் இந்த மோட்டார் பொருத்தம். வத்தை வேலை மெதுவான வேலைதான்.

ஆனா எல்லாத்துக்கும் இதுவே போதும் என்று சொன்னால் அது பொய். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான், அதற்குள் 9 யூனிட் வெப்பம் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் அதில் பெரும்பகுதியை வீணாக்கினாலும் அந்த அளவுக்குப் பேட்டரி வைத்தால் எடை பல மடங்கு கூடிவிடும். இரவெல்லாம் வலை போடுகிற நாட்டுப்படகுக்கு இது இப்ப சரிப்படாது. வாடைக்காற்று பலமாக அடிக்கும்போது சின்ன மோட்டாரை நம்பிக் கிளம்பவும் கூடாது.

எங்க சித்தப்பாவிடம் கேட்டேன். "உப்புத் தண்ணியில ஒரு வருசம் தாங்குமா? ரிப்பேர்னா ஜெர்மனிக்கா தூக்கிட்டுப் போறது?" என்றார். நியாயமான கேள்வி. பேட்டரியோட சேர்த்து வாங்கினால் விலையும் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணியில் கழுவணும், ஒயர் மாட்டுகிற இடம் துருப்பிடிக்காமல் பார்க்கணும். இதைச் சரிபார்க்க ஆள் உள்ளூரிலேயே வேணும். ஐ.டி.ஐ. படிக்கிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தால் ஜெர்மனிக்குப் போக வேண்டாம்.

சித்தப்பா கேட்காத ஒரு ஆபத்தும் இருக்கு. இந்த மோட்டார் சத்தமே போடாது. கரையோரம் குளிக்கிற சின்னப் பிள்ளைகளுக்குப் படகு வருவது காதில் விழாது. அதனால் காத்தாடியைச் சுற்றி ஒரு வளையமும், படகில் ஒரு சைக்கிள் பெல்லாவதும் கட்டாயம் வேணும்.

இவ்வளவு குறை இருந்தும் நான் ஏன் வேணும் என்கிறேன்? எங்க அம்மா பாசிக் குழுவில் இருக்காங்க. மிதவை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் மிதக்கிறது. ஆனா வத்தை தள்ள ஒரு ஆம்பிளை வந்தால்தான் போக முடியும். அவர் வேற வேலைக்குப் போய்விட்டால் அன்றைக்குப் பாசியும் இல்லை, கூலியும் இல்லை. இன்ஜின் வைக்கலாம் என்றால் "கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ண பொம்பளையால முடியாது" என்பார்கள். பேட்டரி மோட்டாரில் இழுக்கக் கயிறே இல்லை. கைப்பிடியைத் திருகினால் ஓடும். நீந்தத் தெரிந்த, பாசி அறுக்கத் தெரிந்த எங்க அம்மாவுக்கு அதைத் திருகத் தெரியாதா?

என் யோசனை இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்ப படகுத்துறை கூட்டமில்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு பாசிக் குழுவுக்கு ஒரே ஒரு மோட்டார் கொடுத்து ஓட்டிப் பார்க்கட்டும். டீசல் இன்ஜினுக்கு மானியம் கொடுக்கிற அரசாங்கம் இதற்கும் கொடுக்கலாம். இரண்டு மாதம் எத்தனை நடை, எவ்வளவு கரண்ட், என்ன ரிப்பேர் என்று நோட்டில் எழுத வேணும். அந்த நோட்டு எழுத எங்க வகுப்புப் பிள்ளைகள் தயார். கணக்கு சரியாக வராவிட்டால் விட்டுவிடலாம். ஓட்டிப் பார்க்காமலே "நம்ம கடலுக்கு ஆகாது" என்று சொல்வதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இது என் கருத்து. வேற கருத்து இருந்தால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்க. பேனாவில் எழுதுங்க, பென்சில் அழிந்துவிடும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி