பூசி மறைக்க வேண்டா, பழுது பார்ப்போம்



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை அன்று திருக்குடும்பத் திருவிழாவைக் கொண்டாடியது. அந்தக் காலை வேளையில்தான் ஆழிப்பேரலை நம் கரையில் ஏறியது. கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் என நம் கடற்கரை நெடுகிலும் கட்டுமரங்களும் வலைகளும் சிதறின. பின்பு வந்த உதவியில் பெரும்பங்கு பைபர் படகுகளாக வந்தது. முன்னரே சிலரிடம் இருந்த பைபர் படகு, அதன்பின் ஊர்தோறும் பெருகிவிட்டது.

அன்று கிடைத்த படகுகளுக்கு இன்று இருபது வயது கடந்துவிட்டது. ஆகவே பல குடும்பங்களில் ஒரே கேள்வி எழுகிறது: பழையதைச் சீர்செய்வதா, வட்டிக்கு வாங்கியேனும் புதியதைக் கட்டுவதா? சிலர் அவசரப்பட்டுக் கடனில் விழுகின்றனர். வேறு சிலர் வெடிப்பின்மேல் வண்ணம் பூசிக் கடலில் இறக்குகின்றனர். முன்னது வீட்டைக் கெடுக்கும். பின்னது உயிரையே கெடுக்கும். இவ்விரண்டிற்கும் நடுவே நேர்மையான வழி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இம்மாதம் சிந்திப்போம்.

கட்டுமரத்தை நம் முன்னோர் எவ்வாறு பேணினர்? கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர வைத்தனர். நாள்தோறும் அது பிரிக்கப்பட்டதால் அதன் குறையும் நாள்தோறும் கண்ணுக்குத் தெரிந்தது. பைபர் படகோ மூடிய பெட்டி போன்றது. கண்ணாடி இழையை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டியதே அதன் உடல். அது உளுப்பதில்லை, புழு அரிப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் ஆணித் துளை வழியே நீர் இறங்கினால் உள்ளிருக்கும் ஒட்டுப்பலகை அழுகும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். வெளியே பார்த்தால் பளபளப்பாகவே இருக்கும்.

ஒரு பேரன் தன் தாத்தாவிடம், “பெயின்ட் அடிச்சுட்டா யாருக்குத் தாத்தா தெரியும்?” என்று கேட்டதை நாம் கேட்டிருக்கிறோம். “கடலுக்குத் தெரியும்டா” என்றார் பெரியவர். ஒரு மறையுரைக்குப் போதுமான பதில் அது!

எனவே முதற்பணி சோதனை. காசு ஒன்றால் படகு முழுவதையும் தட்டிப் பார்க்கவேண்டும். ‘டக்’ என்று கணீரென ஒலித்தால் நலம். மந்தமாக ஒலித்தால் உள்ளே பிரிவோ ஈரமோ உண்டு. மோட்டார் பொருத்தும் பின்பலகையையும், மணலில் உராயும் அடிமுதுகையும், பாய்மரம் ஊன்றும் இடத்தையும் இருமுறை தட்டுங்கள். மிதித்தால் தளம் அமுங்குகிறதா எனவும் காணுங்கள். மேற்பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை வெடிப்பு அச்சத்திற்குரியதன்று. இழைவரை சென்ற வெடிப்பை விட்டுவைக்கலாகாது.

அடுத்தது பழுது நீக்கல். கெட்ட பகுதியை நல்ல பகுதி வரும்வரை வெட்டி எடுத்து, நன்கு உலரவிட வேண்டும். ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது. ஆதலால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்பணியில் இறங்கவேண்டா. மாசியும் பங்குனியும் ஏற்ற காலம். வெட்டிய விளிம்பைச் செங்குத்தாக விடாமல், ஒரு மில்லிமீட்டர் கனத்திற்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்ற அளவில் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். பிறகு மேட் துணியை அடுக்கடுக்காக வைத்து, காற்றுக்குமிழ் இல்லாதபடி உருளையால் அழுத்துங்கள். தெர்மோகோல்மீது பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் அது கரைந்துபோகும் என்பதையும் மறவாதீர்.

பிள்ளைகளைப் பெற்றோர் எச்சரிக்கவேண்டிய செய்திகள் சில உண்டு. கேட்டலிஸ்டையும் அக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கலாகாது, அவை வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதும் கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்கவேண்டும். கேட்டலிஸ்டின் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூசு நுரையீரலுக்குக் கேடு, முகமூடி வேண்டும். அருகில் பீடிக்கும் அடுப்புக்கும் இடமில்லை.

கையில் இருப்பது சிறு தொகை என்றால் செலவில் ஒழுங்கு வேண்டும். முதலில் அடியும் பக்கமும், அடுத்துப் பின்பலகை, பிறகு படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்கும் மிதவை அறைகள், அதன்பின் பாய்மரமும் பாயும், கடைசியில்தான் வண்ணம். ரெசின் நெடுநாள் கெடாமல் நில்லாது; தேவையான அளவே வாங்குங்கள். தேய்க்கும் இயந்திரத்தை நாலு வீட்டார் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம். நம் மக்களில் பலர் முதலில் செய்வது முகப்பில் புனிதரின் பெயரை அழகாக எழுதுவது! பக்தி நல்லதே. ஆனால் அழுகிய பலகையின்மேல் அன்னையின் பெயரை எழுதுவது அன்னைக்கு மகிமையன்று.

பாய் எதற்கு என்பீர்கள். நடுக்கடலில் மோட்டார் நின்றாலும் எண்ணெய் தீர்ந்தாலும், ஒரு சிறு பாய் வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்க்கும். பாய் விரிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே இளைஞர் கற்றுக்கொள்ளட்டும்.

குமரி மாவட்டத்து முட்டத்தில், பியர் ஜில்லே என்பவர் மீனவருக்கேற்ற ஒட்டுப்பலகைப் படகை உருவாக்க உழைத்தார். அந்த அனுபவத்தைப் பற்றி 1985இல் வெளிவந்த தம் நூலுக்குச் ‘சிறியது கடினம்’ என்று பொருள்படும் பெயரையே இட்டார். சிறு படகுதானே என்று அலட்சியமாக இருப்போர் இதைச் சிந்திக்கட்டும்.

எல்லாப் படகும் பிழைக்காது. அடிமுதுகு முறிந்திருந்தாலும், அலையில் உடல் முழுவதும் நெளிந்தாலும் அதைக் கைவிடுவதே ஞானம். அந்த முடிவைத் தந்தை மட்டும் எடுக்கவேண்டா. மீன் கூடை சுமந்து கடன் கணக்கையும் சுமக்கும் தாய்க்கு அதில் முதல் உரிமை உண்டு. கடலுக்குச் செல்லும் மகனுக்கும் உண்டு. மூவரும் சேர்ந்து படகைத் தட்டிப் பார்த்து, மூவரும் சேர்ந்து கணக்கிடட்டும்.

ஆண்டவர் அழைத்தபோது யாகப்பரும் அருளப்பரும் தம் தந்தை செபதேயுவோடு படகில் அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தனர். தந்தையும் மக்களும் ஒன்றாய் இருந்து பழுதுபார்த்த அந்த வேளையில்தான் அழைப்பு வந்தது. நம் உள்ளமும் மூடிய படகைப் போன்றதே. வெளிப்பூச்சு மின்ன, உள்ளே ஈரம் இறங்கியிருக்கலாம். கட்டுமரத்தை அவிழ்த்து உலர்த்திய முன்னோரைப் போல், ஒவ்வோர் இரவும் ஆன்ம சோதனை செய்து உறங்கச் செல்வோம். குடும்பத்தில் மனத்தாங்கல் இருப்பின் பூசி மறைக்காமல், நல்ல பகுதி வரும்வரை அகற்றி, பொறுமையோடு ஒட்டவைப்போம். கடலுக்குத் தெரிவது கடவுளுக்குத் தெரியாமற்போகுமா?