வீட்டை விட்டு வெளியேறாத கதை

மேடை நாடகம் திரைப்படமாகும்போது நான்கு சுவர்களைக் கடந்து வெளியே வரவேண்டும் என்பது திறனாய்வாளர் பலரின் எதிர்பார்ப்பு. அவ்வாறு வராத படத்தைப் 'படம்பிடிக்கப்பட்ட நாடகம்' என்று ஒதுக்குவோரும் உளர். பிராங்க் காப்ரா இயக்கிய 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' படத்திற்கு இவ்வளவுகோல் பொருந்தாது.

ஜோசப் கெசல்ரிங் எழுதிய இந்நாடகம் 1941 ஜனவரியில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறி, மூன்றாண்டுகளுக்கு மேல் நடைபெற்றது. மேடையில் நாடகம் முடிந்த பிறகே படத்தை வெளியிடலாம் என்பது ஒப்பந்தம். எனவே 1941இல் எடுக்கப்பட்ட படம் 1944இல்தான் திரைக்கு வந்தது.

புரூக்ளினில், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய பழைய வீடு. அங்கு வாழும் முதிய சகோதரியர் இருவரும் அன்பே உருவானவர்கள். உற்றார் இல்லாத முதியவர்களின் தனிமைத் துயரைத் தீர்ப்பதாக எண்ணி, அவர்களுக்குப் பழமதுவில் நஞ்சு கலந்து தருகின்றனர். பின்னர் முறைப்படி வழிபாடு செய்து நிலவறையில் அடக்கம் செய்கின்றனர்! குழி வெட்டுபவனோ, தன்னை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் என்று நம்பும் டெடி. பனாமா கால்வாய் வெட்டுவதாகவே அவன் கருதுகிறான்.

அன்றுதான் மணமுடித்த மார்ட்டிமர், சன்னலோர இருக்கையின் மூடியைத் தூக்குகிறான். உள்ளே பிணம். அதைக் காப்ரா நமக்குக் காட்டுவதில்லை. கேரி கிராண்டின் முகத்தையே காட்டுகிறார். மூடியவன் மீண்டும் திறந்து பார்க்கும்போது சிரிப்பும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. மேடையின் கடைசி வரிசைக்கு எட்டாத கண்ணசைவை அண்மைக் காட்சி எட்டச் செய்கிறது. வீட்டுக்குள்ளேயே நின்றும் திரைப்படம் திரைப்படமாவது இவ்விடத்தில்தான். தம் நடிப்பு மிகையானது என்று கிராண்டே பின்னாளில் குறைபட்டுக்கொண்டார். சில காட்சிகளில் அது மெய்யே.

இழப்பும் உண்டு. கொலைகாரன் ஜொனாதன், நடிகர் போரிஸ் கார்லாஃபைப் போல் இருக்கிறான் என்பது நாடகத்தின் நகைச்சுவை. மேடையில் அப்பாத்திரத்தை ஏற்றவரே கார்லாஃப்! படத்தில் ரேமண்ட் மாசி ஒப்பனையுடன் நடித்தமையால் அந்நகைச்சுவை பாதி வலுவிழந்தது.

முடிவில் நேர்ந்த இழப்பு அதனினும் பெரிது. டெடியை அழைத்துச் செல்ல வந்த மனநலக் காப்பகத் தலைவரும் தனியர் என்று அறிந்ததும், சகோதரியர் அவருக்கும் பழமது அளிப்பதோடு நாடகம் முடியும். காப்ரா அதை நீக்கிவிட்டு, மணமக்களின் மகிழ்ச்சியோடு படத்தை முடித்தார். அதுவரை துணிவோடு நடந்த படம், கடைசி அடியில் மட்டும் தயங்கிவிட்டது.